முள்ளியின் தப்பு நோட்டு

ஒரு காட்டில் எல்லோரும் இங்கிலீஷில் பாஸ் செய்திருந்தார்கள். ஆனால் ஒருவருக்கும் இங்கிலீஷ் வராது.

சிரிக்காதீர்கள் குழந்தைகளே, அது எப்படி என்று கேளுங்கள். அந்தக் காட்டுப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு ஒரு கைடு உண்டு. கைடில் ஒரு லீவ் லெட்டர் உண்டு. யானை வீட்டுப் பிள்ளை முதல் எலி வீட்டுப் பிள்ளை வரை அதை மனப்பாடம் செய்யும், பரீட்சையில் கொட்டும், வெளியே வந்ததும் மறந்துவிடும். கொக்கு வாத்தியாரோ விடைக்குறிப்பை வைத்துக்கொண்டுதான் பேப்பர் திருத்துவார். விடைக்குறிப்பு கையில் இல்லாத நேரத்தில் யாராவது இங்கிலீஷில் சந்தேகம் கேட்டால் அவருக்கு இருமல் வந்துவிடும்.

இப்படியே நாள் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை. ஒரு வாத்தால்தான் குட்டு உடைந்தது.

ஆண்டுதோறும் கார்த்திகையில் பனி நாட்டிலிருந்து வாத்துக்கூட்டம் ஒன்று அந்தக் காட்டு ஏரிக்கு வரும். பங்குனியில் திரும்பிப் போகும். அவை பேசுவது இங்கிலீஷ். அந்த வருஷம் கூட்டம் கிளம்பும் நேரத்தில் ஒரு வாத்தால் மட்டும் பறக்க முடியவில்லை. கரையில் நின்று கதறியது. என்ன சொல்லிக் கதறுகிறது என்று யாருக்கும் புரியவில்லை.

நர்ஸ் நீர்நாயை அழைத்து வந்தார்கள். அவள் இங்கிலீஷில் தொண்ணூற்றிரண்டு மார்க் வாங்கியவள். வாத்தின் முன் போய் நின்று கைகட்டிக்கொண்டு, "அஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்..." என்று லீவ் லெட்டரை முழுக்க ஒப்பித்தாள். வாத்து அவளையே பார்த்தது.

"காய்ச்சல்தான். நிலவேம்புக் கஷாயம் குடுங்க," என்றாள் நீர்நாய்.

வாத்து கண்ணீர் வடித்தபடியே கஷாயத்தைக் குடித்தது.

கூட்டத்தில் முள்ளி என்ற முள்ளம்பன்றிப் பெண்ணும் நின்றிருந்தாள். பத்தாம் வகுப்பு மாணவி. அவளுக்கு மனசு கேட்கவில்லை. எல்லோரையும் விலக்கிக்கொண்டு போய்த் தனக்குத் தெரிந்த மூன்று வார்த்தைகளைச் சேர்த்துக் கேட்டாள்: "யூ பெயின் வேர்?"

வாத்து தலையைச் சாய்த்தது. அதற்குப் புரியவில்லை. மேலே அதன் கூட்டம் மூன்று முறை வட்டமடித்துவிட்டுப் போய்விட்டது. ஆமை அதைத் தன் முதுகில் ஏற்றி, ஏரி நடுவே திட்டில் இருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோயிற்று. முள்ளியும் ஏறப் பார்த்தாள்.

"பத்தாவது பாஸ் பண்ணவங்க மட்டுந்தான் திட்டுக்கு வரலாம், பாப்பா," என்றது ஆமை.

அடுத்த மாதம் பரீட்சை முடிவு வந்தது. முள்ளிக்கு மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ். லீவ் லெட்டர் பாதியில் மறந்துபோய், இங்கிலீஷில் மட்டும் பத்தொன்பது மார்க். இன்னும் சிலருக்கும், வக்கணையன் என்ற குள்ளநரிக்கும் அதே கதிதான். மற்ற பாடங்களில் பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதித் தப்பித்தவன், இங்கிலீஷில் பக்கத்தில் உட்கார்ந்தவன் கழுதை என்பதால் மாட்டிக்கொண்டான்.

ஆடி மாதத்தில் துணைத்தேர்வு. அதிலும் கோட்டை விட்டால் மறுபடி ஒரு வருஷம் வகுப்பில் உட்கார வேண்டும். முள்ளிக்கு வருஷம் போவதுகூடப் பெரிதில்லை. அந்த வாத்து இன்னும் ஒரு முறை தன் கூட்டம் பறந்துபோவதைத் தரையில் நின்று பார்க்க வேண்டி வருமே என்பதுதான் அவளை வாட்டியது.

முள்ளி தேக்கிலைகளை நாரால் தைத்து ஒரு நோட்டுப் போட்டாள். முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, நாவல்பழச் சாற்றில் தோய்த்து, முதல் வரியை எழுதினாள்: யூ பெயின் வேர்?

அன்றிலிருந்து தினமும் காலையில் புத்தகத்துப் பயிற்சிகளைச் செய்வாள். கடைசிப் பக்கத்து விடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். சரியாக எழுதியதை அப்படியே விட்டுவிடுவாள். தப்பாக எழுதியதை மட்டும் நோட்டில் ஏற்றுவாள். 'யெஸ்டர்டே ஐ கோ டு தி ரிவர்' என்று ஒரு தப்பு. 'ஹி டோன்ட் நோ' என்று ஒரு தப்பு. 'ஏன்ஷியன்ட்' என்பதற்கு எதிர்ச்சொல் 'ஓல்டு' என்று ஒரு தப்பு. சரியான விடையைப் பக்கத்தில் எழுதவே மாட்டாள். எழுதி வைத்தால் கண் அதைப் படித்துவிடும், மூளை சும்மா இருந்துவிடும் என்பது அவள் கணக்கு. தப்பைப் பார்த்துச் சரியானதை வாயால் மூன்று தரம் சொல்லுவாள்.

மாதிரித் தேர்வுகளில் அவள் மார்க் ஏறத் தொடங்கியது. பன்னிரண்டு இருபத்தாறானது. இருபத்தாறு நாற்பத்தெட்டானது.

வக்கணையனுக்குத் தூக்கம் போய்விட்டது. வாலை ஆட்டிக்கொண்டு வந்தான்.

"என்ன முள்ளி, மார்க்கு கிடுகிடுன்னு ஏறுது? அந்த நோட்டுல என்னதான் வச்சிருக்க?"

"என் தப்பெல்லாம் வச்சிருக்கேன்."

"யார்கிட்ட காது குத்துற? தப்பையெல்லாம் எழுதி யாராவது இப்படிப் பொத்திப் பொத்தி வச்சுக்குவாங்களா?"

"நான் வச்சுக்கறேன். நிஜமாத்தான் சொல்றேன், வக்கணையா. அது பூரா தப்பு."

"சரி சரி. ஒரே ஒரு நாள் குடு, பாத்துட்டுத் தரேன்."

"பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருக்கு. எனக்கே தினமும் வேணும்."

வக்கணையன் சிரித்தபடி போய்விட்டான். ஆனால் உள்ளுக்குள் அவன் முடிவு கட்டிவிட்டான். 'என்னிடம் பொய் சொல்கிறாள். எல்லோரும் பொய்தானே சொல்வார்கள்? நான் சொல்லுவதில்லையா? அது நிச்சயம் முக்கியக் கேள்வி பதில்!'

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது முள்ளி ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டுத் திரும்பினாள். வளை வாசலில் வைத்திருந்த நோட்டைக் காணோம். எடுத்தது யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாவம், முள்ளிக்குத் தெரியாது. புதரைக் கிளறினாள், சருகைப் புரட்டினாள். கடைசியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

வாசலில் அவள் அம்மா கூடை நிறைய வள்ளிக்கிழங்கை வைத்துத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள்.

"ஏண்டி இப்படி அழுவுற? என்ன தொலைஞ்சுது?"

"என் நோட்டும்மா! அதுல இருநூத்திப் பதினாலு தப்பு இருந்துச்சு!"

"தப்புதானே தொலைஞ்சுது? நல்லதாப் போச்சுன்னு விடுவியா!"

"உனக்குப் புரியாதும்மா."

"புரியலதான். சொன்னாத்தானே புரியும்? மொதல் தப்பு என்ன?"

முள்ளி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "யூ பெயின் வேர்."

"அது தப்பா? எனக்கு நல்லாத்தான் கேக்குது. அப்போ சரி எது?"

"வேர் டஸ் இட் ஹர்ட்."

"ம். அடுத்தது?"

முள்ளி இரண்டாவதைச் சொன்னாள். அம்மா, "சரி எது?" என்றாள். மூன்றாவதைச் சொன்னாள். "சரி எது?" அம்மாவுக்கு ஒரு எழுத்துக்கூடப் புரியவில்லை. ஆனாலும் மகள் அழாமல் இருக்கிறாளே என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கூடைக் கிழங்கு அத்தனையும் சீவி முடித்தபோது முள்ளி இருநூற்றுப் பதின்மூன்று தப்பையும் அவற்றின் திருத்தத்தையும் சொல்லி முடித்திருந்தாள். ஒன்றே ஒன்று மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"எல்லாம் வாயிலதானே இருக்கு? அப்புறம் நோட்டு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அம்மா அடுப்பு மூட்டப் போனாள்.

முள்ளி தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தாள். அழுகை நின்றிருந்தது.

பரீட்சை நாளும் வந்தது. இலுப்பைத் தோப்பில் வரிசையாகக் கற்கள் போட்டிருந்தார்கள். ஹால் டிக்கெட்டைச் சரிபார்த்துவிட்டுக் கொக்கு வாத்தியார் கேள்வித்தாளைக் கொடுத்தார். முள்ளி புரட்டினாள். கோடிட்ட இடம், எதிர்ச்சொல், பிழை திருத்தம் எல்லாம் இருந்தன. கடைசியில், 'டாக்டருக்கும் நோயாளிக்கும் இடையே உரையாடல் எழுதுக.'

லீவ் லெட்டர் வரவே இல்லை. தோப்பு முழுக்கப் பெருமூச்சுக் கேட்டது.

வக்கணையன் மட்டும் பல்லைக் காட்டிச் சிரித்தான். அவன் கை நிற்கவே இல்லை. "சார், அடிஷனல் ஷீட்!" என்று நாலு தடவை எழுந்து கேட்டான். முக்கால் மணி நேரம் முன்னதாகவே தாள்களை நூல் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு, முள்ளியைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனான்.

முள்ளி கடைசி மணி அடிக்கும்வரை எழுதினாள். நினைவுக்கு வராத அந்த ஒரு தப்பு கேள்வியாகவே வந்திருந்தது. அதை மறுபடியும் தப்பாகத்தான் எழுதினாள் என்பது பாதி வழி நடந்தபிறகு உறைத்தது. தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

ஆவணியில் கொக்கு வாத்தியார் இலுப்பை மரத்தடியில் முடிவுகளை வாசித்தார்.

"முள்ளி, எழுபத்தொண்ணு. பாஸ்!"

முள்ளியின் அம்மா கூட்டத்தின் நடுவிலேயே மகளைக் கட்டிக்கொள்ளப் போனாள். முள்ளம்பன்றிகள் கட்டிக்கொள்வது அத்தனை சுலபமில்லை, இருவரும் மூக்கோடு மூக்கை உரசிக்கொண்டார்கள்.

"வக்கணையன்," என்றார் வாத்தியார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "மூணு. அதுவும் கையெழுத்துக்காகப் போட்டது."

"மூணா!"

"ஏம்ப்பா, நான் ஆயிரம் பேப்பர் திருத்தியிருக்கேன். ஒண்ணுமே தெரியாதவன்கூட நாலு இடத்துல கைதவறிச் சரியா எழுதிடுவான். நீ ஒரு இடத்துலகூடச் சரியா எழுதலியே! எப்படிப்பா முடிஞ்சுது உன்னால?"

வக்கணையன் கொதித்துப் போனான். "இவதான் சார் ஏமாத்திட்டா! நோட்டு பூரா தப்புத் தப்பா எழுதி வச்சிருக்கா! ஒண்ணு விடாம நான் மனப்பாடம் பண்ணேன்!"

"யாரோட நோட்டு?" என்றார் வாத்தியார். "உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

வக்கணையனின் வால் மெல்லக் கால்களுக்கு இடையில் போயிற்று. முள்ளிக்கு வந்த கோபத்தில் முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, பூரா தப்புன்னு!"

"நிஜத்தைச் சொல்லுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் வக்கணையன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முள்ளிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சின்னப் பிள்ளைகளோடு இவன் மறுபடி ஒரு வருஷம் உட்கார வேண்டுமே என்று நினைத்தாள். சிலிர்த்த முள் ஒவ்வொன்றாக அடங்கியது. அவற்றில் ஒன்றைப் பிடுங்கி அவன் முன் வைத்தாள்.

"என் தப்பு உனக்கு உதவாது, வக்கணையா. உன் தப்பை நீ எழுது."

வக்கணையன் அதை எடுத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் ஆமை முள்ளியைத் திட்டில் இறக்கிவிட்டது. வாத்து ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. ஐந்து மாதக் கஷாயம் அதை எலும்பும் தோலுமாக ஆக்கியிருந்தது. முள்ளி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வேர் டஸ் இட் ஹர்ட்?"

வாத்து சட்டென்று நிமிர்ந்தது. பிறகு அணை உடைந்த மாதிரி பேசத் தொடங்கியது. முள்ளிக்குப் பாதி புரிந்தது, பாதி ஓடிப்போயிற்று.

"ஸ்லோலி, ப்ளீஸ்," என்றாள்.

வாத்து மெதுவாகச் சொன்னது. சொல்லிவிட்டு வலது இறக்கையைத் தூக்கிக் காட்டியது. இறக்கையின் அடியில், சிறகுகளுக்குள் புதைந்து, ஒரு தூண்டில் முள்! முள்ளி தன் முள் இரண்டைப் பிடுங்கி இடுக்கிபோலப் பிடித்து அதை வெளியே எடுத்தாள். நீர்நாய் வாயைப் பிளந்தபடி நின்றாள். பிறகு கஷாயச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு, "எனக்கும் கத்துக் குடுடி," என்றாள்.

கார்த்திகையில் கூட்டம் வந்தது. பங்குனியில் கிளம்பியது. இந்த முறை எந்த வாத்தும் தரையில் நிற்கவில்லை. தலைக்கு மேலே பறந்த தன் வாத்தைப் பார்த்து, முள்ளி கரையோரமாக ஓடிக்கொண்டே தொண்டை கிழியக் கத்தினாள்:

"யூ மஸ்ட் டு கம்!"

"ஐ வில்!" என்று வானத்திலிருந்து பதில் வந்தது.

வாத்துகள் கண்ணுக்கு மறையும்வரை முள்ளி கையசைத்தாள். பிறகு உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, புது நோட்டின் முதல் இலையில் முதல் தப்பை எழுதினாள்: யூ மஸ்ட் டு கம்.

நீதி: தன் தவற்றைத் தானே குறித்துத் திருத்துகிறவருக்கு அது பாடமாகும், அடுத்தவர் உழைப்பைத் திருடுகிறவருக்கு அது தவறாகவே நிற்கும்.