சதுப்புத் தண்ணீருக்கு வெற்றிலை பாக்கு

மலைகளுக்கு நடுவே மெத்தையூர் என்று ஓர் ஊர். அந்த ஊருக்கு அறிவு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். சில வருஷம் வராமலே போய்விடும். ஊரை ஒட்டி ஒரு கறுப்புச் சதுப்பு நிலம் இருந்தது. மிதித்தால் மெத்தை மாதிரி அமுங்கும். அதனால்தான் ஊருக்கு அந்தப் பெயர். சதுப்பின் ஓரத்தில், அடியில் இருக்கும் பாறை வரை மரத்தூண்களை இறக்கி, அதன்மேல் வீடு கட்டிக் குடியிருந்தான் பொன்னுரங்கம்.

நாட்டாமை அங்குச்சாமிக்குத் திடீரென்று உருளைக்கிழங்கு ஆசை வந்தது. தண்ணீரை வடித்துவிட்டால் அந்தக் கறுப்பு மண்ணில் கிழங்கு கொட்டோ கொட்டென்று கொட்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஊரே கூடிக் கால்வாய் வெட்டியது. தண்ணீர் கிளம்பியபோது எல்லோரும் கரையில் நின்று கைகூப்பி, “போயிட்டு வாங்க” என்று வழியனுப்பி வைத்தார்கள். மெத்தையூரில் மரியாதைக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

கிழங்கு விளைந்தது. கூடவே பொன்னுரங்கத்தின் வீடும் வளர்ந்தது.

முதலில் வாசல்படி முழங்கால் உயரத்துக்குப் போனது. அப்புறம் இடுப்பு, அப்புறம் நெஞ்சு. பொன்னுரங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை. கிழங்குக்குப் போட்ட எரு தூணிலும் பட்டிருக்கும் என்றார் வேலப்பு. அவர்தான் ஊரின் அறிவாளி. மூக்குக்கண்ணாடி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதில் கண்ணாடி இல்லை, அது வேறு விஷயம்.

பெருமையெல்லாம் பொன்னுரங்கத்தின் பெண்டாட்டி மயிலாத்தா அழும்வரைதான். அவளுக்கு அப்போது நிறைமாசம். ஏணி வைத்துத்தான் வீட்டை விட்டு இறங்க வேண்டியிருந்தது. ஒருநாள் ஏணியின் பாதியில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றுகொண்டு சொன்னாள்:

“இன்னும் ஒரு சாண் வளந்துச்சுன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். பிள்ளையும் அங்கயே வளரட்டும். நீங்க இந்த வீட்டை வளத்துக்கிட்டு இருங்க.”

பிள்ளையின் முகத்தைப் பார்க்க மச்சான் வீட்டு வாசலில் போய் நிற்பதா? பொன்னுரங்கம் அன்றே ஊர்க்கூட்டம் கூட்டினான். தூணை அறுத்துவிடலாம் என்றார் ஒருவர். வளர்கிற வயசில் யாராவது காலை அறுப்பார்களா என்று நாட்டாமை மனம் நொந்துபோனார்.

அந்தச் சமயத்தில்தான் மண்ணைப் பரிசோதிக்க ஓர் அதிகாரி அம்மா வந்தார். வீட்டைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார்.

“வீடு வளரலைங்க, நிலம் இறங்குது. இந்த மண்ணு பூராவும் அந்தக் காலத்துப் புல்லும் பாசியும். தண்ணிக்குள்ள மக்காம பத்திரமா இருந்துச்சு. தண்ணியை வடிச்சதும் காத்துப் பட்டு மக்கி, கரியமில வாயுவா மேல போய்க்கிட்டிருக்கு. அது போகப் போக உலகமே சூடாகுது. முதல்ல மண்ணு மேல போகாமப் பாத்துக்குங்க. கால்வாயை அடைச்சு, போன தண்ணியைத் திரும்ப வரவைங்க.”

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஊரே அண்ணாந்து பார்த்தது. மேலே போகிற மேகத்தில் எது யார் வயல் என்று கொஞ்ச நேரம் தகராறு நடந்தது.

மண் மேலே போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? பாரம் வைக்க வேண்டியதுதான். வீட்டுக்கு வீடு அம்மியும் ஆட்டுக்கல்லும் உருண்டு வந்து வயலில் உட்கார்ந்தன. பொன்னுரங்கம் தன் வாசலிலிருந்து மேட்டுப் பாதை வரை ஆட்டுக்கல்லாக வரிசையில் அடுக்கினான். ஊரில் இட்லி நின்றது, சட்னி நின்றது. மண் மட்டும் நிற்கவில்லை. வீடு இன்னும் நாலு விரற்கடை வளர்ந்தது. மயிலாத்தா துணி மூட்டையைக் கட்ட ஆரம்பித்தாள்.

“தண்ணியைக் கூப்பிடாம இது தீராது,” என்றான் பொன்னுரங்கம்.

“போயிட்டு வாங்கன்னுதானே சொன்னோம். ஏன் வரலை?” என்று நாட்டாமை கேட்டார்.

வேலப்பு மூக்குக்கண்ணாடியின் வழியாக விரலை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வாய்வார்த்தைக்கு வந்துருவாங்களா? வெத்தலை பாக்கு வெச்சாத்தானே வருவாங்க.”

“கால்வாயை அடைக்கச் சொன்னாங்களே, அந்த அம்மா?” என்றான் பொன்னுரங்கம்.

“விருந்தாளியைக் கூப்பிட்டுட்டு வாசலை அடைக்கிறதா? நல்லா இருக்குதே நியாயம்,” என்றார் வேலப்பு.

தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம் வைத்து எடுத்துக்கொண்டு ஊரே, கால்வாய்த் தண்ணீர் போய்ச் சேர்ந்த மலையடிவார ஆற்றுக்குப் போனது. மயிலாத்தாவின் நிலைமையைப் பொன்னுரங்கம் ஆற்றிடம் எடுத்துச் சொன்னான். ஆறு தாம்பாளத்தை அப்படியே அடித்துக்கொண்டு போனது. வாங்கிக்கொண்டுவிட்டார்கள் என்று எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

அப்புறம் வரவேற்பு ஏற்பாடு. தண்ணீர் கால்வாய் வழியாகத்தானே வரவேண்டும்? ஊர் எல்லையில், கால்வாயின் குறுக்கே, வந்தவர்கள் உட்கார்ந்து இளைப்பாற மண்ணைக் குவித்துப் பெரிய மேடை கட்டினார்கள். நன்றாக மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள். மேலே பந்தல், இரண்டு பக்கமும் வாழைமரம். கால்வாயை ஒருவரும் அடைக்கவில்லை என்பதில் வேலப்புக்குப் பரம திருப்தி.

மழை பிடித்துக்கொண்டது. பெய்த தண்ணீரெல்லாம் மேடையில் முட்டி நின்றது. சதுப்பு நிறைந்தது. அமுங்கிக் கிடந்த மண் ஊறி உப்பி, மேலே இருந்த கற்களோடு எழும்பியது. மூட்டையோடு வாசலுக்கு வந்த மயிலாத்தாவின் காலடியில், படியைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் தளும்பியது. ஆட்டுக்கற்களின் தலைகள் மேட்டுப் பாதை வரை வரிசையாகத் தெரிந்தன. ஏணி இல்லாமலே கல் கல்லாகக் கால்வைத்து மெதுவாக நடந்து போனவள், திரும்பி வந்து மூட்டையைப் பிரித்தாள். பொன்னுரங்கம் சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். விருந்தாளியைக் கண்டதும் வீடு மரியாதையாகக் குனிந்துகொண்டது என்று நாட்டாமை விளக்கினார்.

அதிகாரி அம்மா திரும்பி வந்து பார்த்து அசந்துபோனார். பொன்னுரங்கம் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே, “ரொம்ப நல்ல காரியம். இனி இந்தத் தண்ணி எக்காரணம் கொண்டும் போயிடக் கூடாது,” என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்தார்.

“சரிங்க, அப்ப நான் போயிட்டு...”

ஊரே பாய்ந்து அவர் வாயைப் பொத்தியது.

“அந்தப் பேச்சை மட்டும் இங்க பேசாதீங்கம்மா,” என்று கெஞ்சினான் பொன்னுரங்கம். “தண்ணி தன்னைத்தான் போகச் சொல்றாங்கன்னு கிளம்பிரும்.”

சொல்லாமல் கிளம்புகிறேன் என்றார் அவர். சொல்லிக்கொள்ளாமல் போவது மரியாதையா என்று நாட்டாமை கேட்டார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

மயிலாத்தாவின் பிள்ளைக்குப் பெயர் வைத்தது அந்த அதிகாரி அம்மாதான். பள்ளிக்கூடத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்ததும் அவரேதான். கைப்பை இன்னும் வாசலிலேயே தயாராக இருக்கிறது.