மரத்தடியிலேயே எறிந்து தீர்த்த குரங்கு

ஒரு காட்டில் விலங்குகளுக்கெல்லாம் பந்தாட்டப் பைத்தியம் பிடித்திருந்தது, குழந்தைகளே. விளாங்காய்தான் பந்து. ஒருவர் எறிய வேண்டும், எதிராளி கட்டையால் அடிக்க வேண்டும்.

அந்தக் காட்டு அணியில் எறிகிறவன் சடையன் என்ற குரங்கு. முதல் பந்திலேயே முழுப் பலத்தையும் காட்டுவான். பாதி ஆட்டத்தில் நாக்குத் தள்ளிவிடும். பிறகு அவன் எறிவதைக் குட்டி முயல்கூட அடிக்கும்.

அணித் தலைவர் கரடியார் ஒரு முடிவுக்கு வந்தார். "சடையா, இனி நீ ஆட்டத்தைத் தொடங்க வேண்டாம், முதலில் வேறு யாராவது எறியட்டும். நாவல் மரத்தடியில் உட்கார். கடைசியில் கூப்பிடுகிறேன். அதற்கு முன் கை சூடேற நாலு பந்து எறி, போதும்."

"என்னை மூலையில் உட்கார வைக்கிறீர்களா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான் சடையன்.

மூலை அவனுக்கு நல்லதுதான் செய்தது. கொஞ்ச நேர வேலை என்பதால் கை ஓயவில்லை. பந்து வந்ததே தெரியாமல் எதிராளிகள் விழித்தார்கள். வரிசையாக ஐந்து ஆட்டங்களைக் காப்பாற்றிக் கொடுத்தான்.

அதோடு அடங்கியிருந்தால் அவன் சடையன் இல்லையே. நாவல் மரத்துக்கு மைனாக்கள் வேடிக்கை பார்க்க வந்தன. "அடேயப்பா, என்ன வேகம்!" என்றன. ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை.

கோடை வந்தது. ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் இருந்தது. மலையடிக் காட்டுப் பன்றிகளோடு பந்தயம். ஜெயிக்கிறவர்களுக்கே கோடை முழுக்கத் தண்ணீர்.

அன்று மரத்தடியில் சடையன் நாலு பந்து எறிந்தான். "இன்னும் ஒன்று" என்றன மைனாக்கள். நாற்பது எறிந்தான்.

எதிரே நின்று பந்தைப் பிடித்த ஆமை, "போதும் அண்ணே. ஆட்டம் அங்கே நடக்கிறது" என்றது.

"உனக்கு என்ன தெரியும்? ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு கிட."

கரடியார் கூப்பிட்டார். ஒரே ஒரு பன்றிதான் பாக்கி. அது அடிக்காவிட்டால் வெற்றி, அடித்தால் தோல்வி.

சடையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். கை தோளுக்கு மேல் எழவில்லை. விளாங்காய் தள்ளாடிக்கொண்டு போனது. பன்றி கொட்டாவி விட்டு முடித்து, நிதானமாக அடித்தது. காய் குட்டையைத் தாண்டி விழுந்தது.

பன்றிகள் தண்ணீரில் இறங்கிப் புரண்டன. கரடியாரும் மற்றவர்களும் நாக்கு வறண்டு கரையில் நின்றார்கள்.

"மரத்தடியில் நான் எப்படி எறிந்தேன் என்று நீங்களாவது சொல்லுங்கள்" என்று சடையன் மைனாக்களைத் தேடினான்.

மைனாக்களுக்குத் தாகம். அவை அப்போதே வேறு காட்டுக்குப் பறந்துவிட்டன.

நீதி: பாராட்டுக்காக ஒத்திகையிலேயே பலத்தைத் தீர்ப்பவன், வேலை வரும்போது வெறுங்கையோடு நிற்பான்.