கிளி மூக்கில் நின்ற சிவப்பு

அந்தக் காலத்தில், பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, கிளி மஞ்சளாக இருந்தது. சாதாரண மஞ்சள் இல்லை, ஊருக்கே தெரியும் மஞ்சள். அது பொந்துக்குள் நுழைவதைப் பார்த்தே வல்லூறு அதன் வீட்டைக் கண்டுபிடித்துவிடும். அப்படித்தான் ஒரு கிளி இரண்டு குஞ்சுகளைப் பறிகொடுத்தது. மிச்சம் இருந்தவை இரண்டு. அவற்றையும் விடுவதில்லை என்ற பிடிவாதத்தோடு, ஆற்றங்கரையில் துணிக்குச் சாயம் போடும் சீரங்காயியிடம் போனது.

"என்னையப் பச்சையாக்கி விடுங்கக்கா. இலையோட இலையா இருந்துக்கறேன்."

"பச்சைக்குன்னு தனியா சாயம் கிடையாது கண்ணு. சிவப்பு, மஞ்சள், நீலம், மூணுதான். மத்த நிறமெல்லாம் இதுங்க கூடிப் பெத்தது. நீதான் பொறக்கும்போதே மஞ்சளாச்சே. நீலத்துல முக்கினாப் பச்சை. பாதி வேலை முடிஞ்சுது."

அவுரி நீலம் ஊறும் தொட்டி குடலைப் பிடுங்கும்படி நாறியது. அதில் சுண்ணாம்பும் கலந்திருந்ததால் தோல் எரிந்தது. மூன்று முறை முக்கினால்தான் நிறம் பிடிக்கும். மூன்றையும் கிளி முனகாமல் தாங்கியது. ஆனால் தன் சிவப்பு மூக்கை மட்டும் மேலேயே தூக்கி வைத்திருந்தது.

சீரங்காயிக்குக் கோபம் வந்துவிட்டது. "மூக்கையும் முக்கு. பச்சைக்கு நடுவுல சிவப்பு இருந்தா ரெண்டு பங்கு எடுப்பாத் தெரியும். சாயக்காரி சொல்றேன், கேளு."

"என் குஞ்சுங்க வாயைத் திறக்கறதே இந்தச் சிவப்பைப் பார்த்துத்தாங்கக்கா. இதுவும் போச்சுன்னா அதுங்களுக்கு நான் யாரோதான்."

"வல்லூறு பார்த்துட்டா?"

"பார்க்காம வச்சுக்கறது என் பாடு."

கிளி தன் பொந்து இருந்த மாமரத்துக்குத் திரும்பியதுமே வல்லூற்றின் நிழல் விழுந்தது. கிளி மூக்கை முதுகு இறகுக்குள் புதைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது. பச்சையைப் பார்த்தால் யாருக்குமே கண் குளிர்ந்து, எதிலும் நிற்காமல் சும்மா மேய்ந்துகொண்டே போகும். வல்லூற்றுக்கும் அதே கண்தானே. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வேறு காடு பார்த்துப் போனது.

கிளி பொந்துக்குள் எட்டிப் பார்த்தது. குஞ்சுகள் இரண்டும் யாரோ வந்துவிட்டார்கள் என்று மூலையில் ஒடுங்கின. பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும்? கிளி மூக்கை மெல்ல உள்ளே நீட்டியது. சிறிதுநேரம் கழித்து ஒரு வாய் திறந்தது. பிறகு இன்னொன்றும் திறந்தது.

அன்று முதல்தான் கிளிக்கு உடம்பெல்லாம் பச்சையாகவும் மூக்கு மட்டும் சிவப்பாகவும் இருக்கிறது. பகையிடமிருந்து மறைய ஒரு நிறம், பிள்ளைக்குக் காட்ட ஒரு நிறம்.