தர்சினி சொன்ன பதினான்கு ‘இல்லை’

அங்கன்வாடி வாசலில் செபாஸ்டின் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். நான்கு மணிக்குள் பட்டியலை அனுப்ப வேண்டும். அதில் பெயர் இருக்கும் குழந்தைகளின் வீட்டுக்குத்தான் ஆலோசகர்கள் போவார்கள்.

பேராசிரியர் கதீஜா ஆட்டோவிலிருந்து இறங்கினார். சிறு பிள்ளைகள் எவ்வளவு வன்முறையைப் பார்த்து வளர்கிறார்கள் என்று அளக்கும் வேலையை அவரிடம்தான் செபாஸ்டின் கற்றுக்கொண்டிருந்தார்.

“ஒரு குழந்தை விஷயம் உறுத்துது மேடம். பேரு தர்சினி. நாலு வயசு. அவ அம்மா கையில காயம். ஆனா வீட்டுச் சண்டை பத்திப் படம் காட்டி பதினாலு கேள்வி கேட்டேன், எல்லாத்துக்கும் ‘இல்லை’ங்கிறா. பயந்து மறைக்கிறாளோ?”

“பயந்த மாதிரி இருந்தாளா?”

“இல்ல. சிரிச்சுக்கிட்டே சொன்னா. பட்டியல்ல சேர்க்காம விட்டுடட்டுமா?”

கதீஜா உள்ளே போனார்; செபாஸ்டினும் பின்னாலேயே போனார். கதீஜா தர்சினியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். குழந்தை சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

“எனக்கும் சோறு உண்டா?”

தர்சினி தலையாட்டினாள். சோறாக்கிக் கதீஜாவுக்குப் பரிமாறி, “இன்னும் சோறு வேணுமா?” என்று கேட்டாள். பொம்மைக்கு ஊட்டி, வாய் துடைத்துவிட்டாள். பிறகு, “இருட்டிடுச்சு” என்று பொம்மையைத் தூக்கி பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். ஒரு துணியை எடுத்து அதன் காதுகளைச் சுற்றிக் கட்டினாள்.

“பாப்பா ஏன் அங்க போறா?”

“அப்பா வர்ற நேரம் டீச்சர்.”

“அப்புறம்?”

“அம்மா அழுது முடிச்சதும் வெளிய வரணும். பாத்திரமெல்லாம் பொறுக்கணும். அப்புறம் தூங்கணும்.”

சோறு வேணுமா என்று கேட்ட அதே குரல்தான்.

செபாஸ்டினால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போனார். உடனே திரும்பி வந்தார். கதீஜா அவர் கையிலிருந்த பட்டியலை வாங்கி, எல்லாப் பெயர்களுக்கும் மேலே தர்சினியின் பெயரை எழுதினார். ஆலோசகருக்குப் போன் செய்து, அந்த ஆள் வீடு திரும்புவதற்குள் தாயைப் போய்ப் பார்க்கச் சொன்னார்.

“அப்போ என்கிட்ட ஏன் மேடம் பொய் சொன்னா?”

“பொய் சொல்லல செபாஸ்டின். வீட்டுல சண்டை நடக்குமான்னு கேட்டீங்க. நமக்குத்தான் அது சண்டை. அவளுக்கு அது சாயங்காலம்.”