மூச்சு வாங்காத ஏற்றம்

சீடருக்குக் குருவைவிட ஒரு தலைமுறை வயது கூடுதல். அம்பாசமுத்திரத்தில் இரும்புக்கடை வைத்திருந்த ஆவுடையப்பன், மனைவி போன பிறகுதான் திருமேனி சாமியிடம் மூச்சுப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார். சாமி அவரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

இப்போது இருவரும் இமயத்தில், ஒரு சிவன் கோயிலுக்குப் போகும் பாதையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமான புதிதில் மனைவியோடு அவர் வந்த பாதை. அந்தச் சந்நிதியில் அவளுக்காக ஒரு விளக்கு வைத்துவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு மிச்சமில்லை.

கோயில் கொடி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. குருவோ நாலடி எடுத்து வைப்பதும் ஒரு பாறையைப் பார்த்து உட்காருவதுமாக இருந்தார். ஊருக்கெல்லாம் மூச்சைப் பற்றிப் பாடம் சொன்ன மனுஷர், துருத்தி மாதிரி ஊதிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் மேட்டில் நின்று, இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தார். அவருக்கு இரைப்பே இல்லை. சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"சாமி, தப்பா நெனைக்கக் கூடாது. ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"உங்களுக்கே இப்படி வாங்குது. எனக்கு ஒண்ணும் செய்யல. மூச்சு எனக்கு வசப்பட்டிருச்சுன்னு வச்சுக்கிடலாமா?"

குரு இரைப்புக்கு நடுவே அவரை ஏறிட்டுப் பார்த்தார். "மொத தடவ வந்தப்போ எப்படி ஏறினீங்க?" என்று கேட்டார்.

ஆவுடையப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அத ஏன் கேக்கீங்க! நாய் மாதிரி இரைச்சேன். வளைவுக்கு வளைவு உக்காந்துதான் ஏறினோம். அவ மடியில இருந்து சுக்கும் கருப்பட்டியும் எடுத்து என் வாயில போடுவா. இரும்பு தூக்குற ஆளு இந்த மேட்டுக்கு இப்படியான்னு சிரிப்பா. அவளுக்கும் வாங்கும், முழுசா சிரிக்கவும் முடியாது. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டு அப்படியே உக்காந்திருப்போம். கோயிலவிட எனக்கு அதுதான் ஞாபகம் இருக்கு சாமி."

அவருக்குக் கண் கலங்கியது. அந்த இரைப்புக்காகவே இன்னொரு தடவை வாலிபம் வராதா என்று ஏக்கமாக இருந்தது.

"கையக் காட்டுங்க அண்ணாச்சி."

நீட்டினார். குரு தம் கையையும் பக்கத்தில் வைத்தார். குருவின் நகங்கள் சிவந்திருந்தன. ஆவுடையப்பனின் நகங்கள் நாவற்பழ நிறத்தில் கறுத்துக் கிடந்தன.

"குளிரா இருக்கும்."

"எனக்கும் அதே குளிர்தானே. இந்த ஒசரத்துல காத்தும் ரெண்டு பேருக்கும் ஒரேபோலக் கொறச்சல்தான். என் உடம்பு பதறுது, உங்க உடம்பு பதறல. வயசானா அந்தப் பதட்டம் மந்தமாயிரும். கொழம்பு அடிப்பிடிக்கிற வாசன மூக்குக்கு எட்டலன்னா, கொழம்பு தீயலன்னு ஆயிருமா? எறங்கிருவோம்."

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கொடி தெரியுது சாமி! கூப்பிடு தூரம். அவளுக்கு வெளக்கு வைக்காம எறங்க மாட்டேன். எனக்கு ஒரு கொறையும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்."

"சரி. யார் பேருக்கு வெளக்குன்னு சந்நிதியில கேப்பாங்க. அம்மா பேரு என்ன?"

"அவ பேரா?" என்று சிரித்தபடி வாயைத் திறந்தவர், அப்படியே நின்றார்.

சுக்கின் காரம் நாக்கில் இருந்தது. பாதி மூச்சில் நின்ற அந்தச் சிரிப்பு காதில் இருந்தது. பேர் மட்டும் வரவில்லை. கடைப் பலகையில் இருந்ததே அவள் பேர்தான். எத்தனை வருஷம் அதன் கீழே உட்கார்ந்து வியாபாரம் பார்த்திருப்பார். பலகை தெரிந்தது, அதன் பச்சை வர்ணம் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"சாமி," என்றார். "அவ பேரு..."

குரு எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்து, மெல்லப் பாதையின் இறக்கத்தைப் பார்க்கத் திருப்பினார்.

"பேரு கீழ, காத்து உள்ள எடத்துலதான் இருக்கு அண்ணாச்சி. வாங்க, போய் எடுத்துக்கிடுவோம்."