உப்பில்லாத ஒன்பது நாள்

"எனக்குக் கனவு வரவில்லை" என்றான் ஹால்வர்.

குரு யோருன் மீனைப் பிளந்து கம்பில் மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒன்பது நாள் உப்பில்லாமல் தின்றேன். ஒன்பது நாள் பச்சைத் தோல் மேல் படுத்தேன். நாற்றம்தான் மிச்சம். நாளைக் காலையில் அரசர் கேட்பார். நான் என்ன சொல்ல?"

அவள் அடுத்த மீனை எடுத்தாள்.

குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடனுக்கு ஐம்பது. படகு கட்டும் தச்சன் அவன். மனைவி செத்துப்போன பிறகு உளியைப் பிடிக்க மனமில்லாமல் இவளிடம் வந்து சேர்ந்தான். மூன்று வருடம் தண்ணீர் சுமந்தான், விறகு பிளந்தான். போன வருடம் அவள் கனவுசொல்லி இருக்கையை விட்டு எழுந்து, இனி இவன் சொல்லட்டும் என்று போய்விட்டாள். காரணம் கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை.

வடகரை நாட்டில், கனவுசொல்லி வாய் திறக்காமல் போர்க்கப்பல் கிளம்பாது. ஓர் எருதை அடித்து, அதன் பச்சைத் தோலில் அவர் ஒன்பது நாள் படுக்க வேண்டும். பத்தாம் நாள் காலையில் கரையில் நின்று கண்டதைச் சொல்ல வேண்டும். வெற்றி என்றால் கப்பல் போகும். தோல்வி என்றால் கப்பலை மணலில் இழுத்துப் போடுவார்கள்.

கனவுசொல்லி மட்டும் கடலில் கால் வைக்கக் கூடாது. கடலுப்பு பட்டால் கனவு அதோடு செத்துப்போகும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் கனவுசொல்லிகள் எல்லோரும் நரைத்து, பல் விழுந்து, படுக்கையில் செத்தார்கள். துடுப்புப் போட்டவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நாளைக்கு நாற்பது கப்பல், தென்கரை அரசன் மேல் போர். முதல் கப்பலில் மூன்றாவது பலகையில் ஹால்வரின் மகள் சிக்னே. அந்த நாட்டில் பெண்களும் துடுப்புப் பிடிப்பார்கள். அவனுக்கென்று உலகத்தில் மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான்.

"தோல்வி என்று சொல்லிவிடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

யோருன் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். அவன் பின்னால் போனான்.

கடற்கரையின் கோடியில் ஒரு வீடு எரிந்து கிடந்தது. நான்கு கரித்தூண்கள், நடுவில் ஒரு வாசற்படி.

அது அவள் வீடு. ஏழு வருடத்துக்கு முன் அவளுக்கும் கனவு வரவில்லையாம். புருஷன் முதல் கப்பலில் இருந்தான். தோல்வியைக் கண்டேன் என்று கூசாமல் சொன்னாள். கப்பல்களைக் கரையேற்றினார்கள். வடகரையார் பயந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் தென்கரையார் கிளம்பி வந்தார்கள். அவள் புருஷன் இந்த வாசற்படியில்தான் விழுந்தான்.

அழுதுகொண்டு சொல்லவில்லை. மீன் விலை சொல்வதைப் போலச் சொன்னாள்.

"அப்படியானால் உண்மையாகவே கனவு வந்திருந்தால்..." என்று இழுத்தான்.

அவள் இன்னும் கொஞ்சம் நடந்தாள். மேட்டில் நடுகற்கள் நின்றன. வரிசை வரிசையாக, கண்ணுக்கெட்டிய மட்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு நிஜமாகவே கனவு வந்தது. தென்கரைக் கோட்டை மேல் வடகரைக் கொடி பறந்தது. கண்டதைக் கண்டபடி சொன்னாள். கப்பல்கள் போயின. கொடியும் பறந்தது, பொய் இல்லை. முந்நூறு பேர் போனார்கள். அந்தக் கொடியை நட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் ஒன்பது பேர். அடுத்த மாதமே தென்கரையார் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள்.

ஹால்வர் ஒரு கல்லின் மேல் கை வைத்தான். சில்லிட்டது. கையை எடுத்துக்கொண்டான்.

"பொய் சொன்னாலும் சாவு. உண்மை சொன்னாலும் சாவு. நான் என்னதான் சொல்ல, குருவே?"

"உன்னை யார் கேட்கிறார்?"

"அரசர்."

"ஏன் கேட்கிறார்?"

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் கேட்கிறாராம். அது வழக்கம், அதனால் கேட்கிறார். மூன்று வருடம் தண்ணீர் சுமந்ததற்கு இதுதானா கூலி என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டான்.

யோருன் மீன்களிடம் திரும்பிப் போய்விட்டாள்.

வீட்டில் சிக்னே தன் தோல் காலணிக்குக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தாள். துடுப்புப் போடுகிறவர்கள் கனவைப் பற்றி முன்னாலேயே கேட்கக் கூடாது. அவளும் கேட்கவில்லை. கஞ்சியை ஊற்றி அப்பா முன்னால் வைத்தாள். "எதுவானாலும் தயங்காமல் சொல்லுங்கப்பா. போன தடவை குருவின் குரல் நடுங்கியதில் பாதிப் பேருக்குக் கை ஓடவில்லையாம்" என்றாள்.

அவனுக்குக் கஞ்சி இறங்கவில்லை. கோடையில் அங்கே இருட்டுவதில்லை. படுத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு தோல்வி, தோல்வி என்று சொல்லிப் பழகினான். நடுங்காமல் வருகிறவரை பழகினான். பொய்தான். எரிந்தால் எரியட்டும், நாளைக்கு அவள் உயிரோடிருந்தால் போதும் என்றிருந்தது.

காலையில் ஊரே கரையில் நின்றது. நாற்பது கப்பலும் தண்ணீரில் இருந்தன. துடுப்புக்காரர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். முதல் கப்பலில் சிக்னேவுக்குப் பக்கத்து இடம் காலி. அங்கே உட்கார வேண்டியவன் இரண்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்தான்.

அரசன் ஸ்டெய்னார் கரடித்தோல் போர்த்திக்கொண்டு வந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. செத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் ஆடு அனுப்புவான், கூடவே கண்கலங்குவான். கப்பல் திரும்பினால் தெய்வம் காத்தது. திரும்பாவிட்டால் கனவுசொல்லி கெடுத்தான். அவன் அப்பாவும் இப்படித்தான் நாற்பது வருடம் நிம்மதியாக ஆண்டார். அரசர்களும் கப்பலேறுவதில்லை. நாட்டுக்கு ஒரு தலை வேண்டுமல்லவா.

அரசன் வாய் திறக்கப்போன நேரத்தில் கூட்டம் விலகியது.

யோருன் வந்தாள். நேராகக் கடலுக்குள் இறங்கினாள். முழங்கால் வரை, பிறகு இடுப்பு வரை. யாரோ ஒரு பெண் ஐயோ என்றாள். கனவுசொல்லி கடலில் நின்று இதுவரை யாரும் பார்த்ததில்லை.

முதல் கப்பலின் விளிம்பைப் பற்றி ஏறி, சிக்னேயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குனிந்து ஒரு கை கடல் நீரை அள்ளிக் குடித்தாள். பிறகு துடுப்பை எடுத்தாள்.

இனி அவளுக்குக் கனவு கிடையாது. கரையில் நின்ற எல்லோருக்கும் அது தெரிந்தது.

அரசன் சுதாரித்துக்கொண்டான். சடங்கு சடங்குதான்.

"ஹால்வர், என்ன கண்டாய்?"

பழகி வைத்த சொல் நாக்கு நுனியில் இருந்தது. மகளைப் பார்த்தான். பக்கத்தில் குருவைப் பார்த்தான். துடுப்பில் அவள் கை பழக்கமில்லாமல் இருந்தது, பிடியைத் தவறாகப் பிடித்திருந்தாள். சிக்னே அவள் விரல்களை நகர்த்திச் சரியாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்றும் காணவில்லை, அரசே."

"ஒன்றுமே இல்லையா?"

"தூங்கினேன். விழித்தேன். அவ்வளவுதான்."

கூட்டத்தில் சலசலப்பு. வயதான ஒருவர் முகத்தை மூடிக்கொண்டார். அந்த நாட்டில் எந்தக் கனவுசொல்லியும் அப்படிச் சொன்னதில்லை. கனவு வராதவர்கள் இருந்திருப்பார்கள். சொன்னவர் இல்லை.

அரசனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தளபதியைப் பார்த்தான், தளபதி கடலைப் பார்த்தான். பூசாரி தன் காலைப் பார்த்தார். கடைசியில் அரசன் ஹால்வரிடமே கேட்டான். குரல் இறங்கியிருந்தது. கோபம் இல்லை. பயம்.

"அப்படியென்றால் நான் யார் சொல்லைக் கேட்டு இவர்களை அனுப்புவது?"

ஹால்வர் கப்பல் பக்கம் திரும்பினான்.

கப்பலிலிருந்து யோருன் சொன்னாள்.

"அனுப்ப வேண்டாம். வாருங்கள், இங்கே இடமிருக்கிறது."

சொல்லிவிட்டுப் பலகையில் ஒதுங்கி உட்கார்ந்தாள். சிக்னேயும் ஒதுங்கினாள். நடுவில் ஓர் ஆள் நெருக்கியடித்து உட்கார இடம் கிடைத்தது. யாரும் சிரிக்கவில்லை.

அரசன் அந்த இடத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பலகையையும், அதில் இருந்த இரண்டு முகங்களையும், பின்னால் வரிசையாக இருந்த மற்ற முகங்களையும் பார்த்தான். கரடித்தோலை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"இன்றைக்குக் காற்று சரியில்லை" என்றான். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

நாற்பது கப்பலிலும் கொடிகள் தெற்கு நோக்கிப் படபடத்துக்கொண்டிருந்தன.