வண்டியேறிய வாசல்

முன்னொரு காலத்திலே ஒரு நாடு இருந்தது. அதன் பெயரைச் சொன்னால் நாலு ஊர்க்காரர்கள் "அது எங்கள் ஊர்தான்" என்று சண்டைக்கு வருவார்கள், ஆகவே சொல்லவில்லை. அந்நாட்டு மன்னர் பெரிய கலாசாலை ஒன்று கட்டியிருந்தார். ஒருநாள் விடிந்ததும் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது.

"என் நாடு முழுவதையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். கலாசாலைக்குப் போவோம்!" என்றார்.

போய்ப் பார்த்தவருக்கு முகம் சுருங்கியது. எல்லா மாணவர்களுக்கும் ஒரே பட்டு, ஒரே சந்தனம், ஒரே ராகத்தில் பாடம். ஒருவன் எழுந்து வணங்கினால் முன்பு வணங்கியவனே மறுபடி வணங்குகிறானோ என்று தோன்றியது. அத்தனை பேரும் அரண்மனை அதிகாரிகளின் பிள்ளைகள்.

"மற்றவர்கள் எங்கே?" என்று கேட்டார் மன்னர்.

கலாசாலையின் தலைவர் பிரதானி கீர்த்திவாசர் கைகட்டி நின்றார். "மகாராஜா, வாசல் எந்நேரமும் திறந்தே கிடக்கிறது. அவர்கள் வருவதில்லை. அடியேன் என்ன செய்ய?"

மன்னருக்குப் பின்னால் நின்ற விகடகவி அம்பலக்கூத்தன் மெல்லச் சொன்னான்: "கதவு திறந்திருக்கிறது பிரபு, உண்மை. ஆனால் அந்த நிலைப்படி என் முழங்காலுக்கு மேல் இருக்கிறதே."

கீர்த்திவாசருக்கு அம்பலக்கூத்தன் என்றாலே ஆகாது. தாம் ஒரு நாழிகை பேசியும் தலையசைக்காத மன்னர், இவன் ஒரு வார்த்தை சொன்னால் சிரித்துவிடுகிறாரே என்ற புகைச்சல். சமயம் வாய்த்தது என்று முன்னே வந்தார்.

"மகாராஜா, விகடகவியே அவர்களை அழைத்து வரட்டும். பௌர்ணமிவரை தவணை. ஆனால் வாசலை இடிக்கக் கூடாது. வேறு வாசல் திறக்கக் கூடாது. நிலையின் மேல் பொறித்த விதியை மாற்றக் கூடாது. முடியாவிட்டால் இவன் சபையை விட்டே போய்விட வேண்டும்."

'இவ்வாசலைத் தன் காலால் கடந்தவர் எவரோ, அவரே இக்கலாசாலை மாணாக்கர்' என்பதுதான் அந்த விதி. மன்னர் அம்பலக்கூத்தனைப் பார்த்தார். அவன் தலைவணங்கி, "இடிக்கமாட்டேன், வேறு திறக்கமாட்டேன், மாற்றமாட்டேன்" என்றான்.

மறுநாளே ஊர் ஊராகக் கிளம்பினான். குயவர் சேரியில் நாச்சி என்றொரு பெண். சிறு வயதில் வந்த காய்ச்சலில் கால்கள் சூம்பிப்போய், இரண்டு கவைக்கோல்களை ஊன்றி நடப்பாள். தகப்பன் செய்யும் பானைகளில் நட்சத்திரக் கூட்டங்களைக் கீறி வைப்பது அவள் வழக்கம்.

"கலாசாலைக்கு வருகிறாயா அம்மா?"

"போன வருசமே வந்தேன் சாமி. அந்தப் படிய என்னால தாண்ட முடியல. அப்பா தூக்கப் போனாரு. தன் காலாலதான் தாண்டணும்னு காவக்காரரு சொல்லிட்டாரு. வண்டியத் திருப்பிக்கிட்டு வந்துட்டோம்." சொல்லிவிட்டு அவள் பானையைத் திருப்பி வைத்துக்கொண்டாள். அழவில்லை. அதுதான் அம்பலக்கூத்தனுக்குத் தாங்கவில்லை.

மலையில் தேன் எடுக்கும் மாதன், மலைப் பேச்சு அறிந்த அம்பலக்கூத்தனிடம் வேறு காரணம் சொன்னான். "அங்க வந்து போறதுக்குள்ள ஒரு பூப்பருவமே போயிரும். வந்து நின்னா, அந்தக் காவக்காரரு என்னமோ கேக்குறாரு. எனக்கு அது வெளங்கல, நான் சொன்னது அவருக்கு வெளங்கல. சேத்துக்குவாங்கன்னு தெரிஞ்சா வரலாம். தெரியாம எப்பிடி வாறது?"

கடற்கரை உப்பளத்திலும் இதே கதைதான். அம்பலக்கூத்தன் யோசித்துக்கொண்டே ஊர் திரும்பினான். மறுநாள் தச்சர்களைக் கூட்டிக்கொண்டு கலாசாலைக்குப் போனான். கீறல் விழாமல் ஆப்புகளைத் தட்டி, அந்தத் தேக்கு நிலையைப் படியோடு கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றினான்.

காவலன் ஒச்சப்பன் ஓடி வந்தான். "யோவ், என்னய்யா பண்றீரு?"

"உனக்குப் பிரதானி இட்ட கட்டளை என்ன?"

"வாசல விட்டு அகலக் கூடாது."

"அப்படியானால் ஏறு வண்டியில்."

ஒச்சப்பன் தலையைச் சொறிந்தான். கட்டளை கட்டளைதானே? ஈட்டியோடு ஏறி உட்கார்ந்தான். செய்தி கேட்ட கீர்த்திவாசர், 'பைத்தியக்காரன், தண்டனையைத் தானே தேடிக்கொள்கிறான்' என்று மகிழ்ந்து, மன்னரிடம் மூச்சே விடவில்லை.

வாசல் முதலில் குயவர் சேரிக்குப் போனது. அம்பலக்கூத்தன் குழி வெட்டச் சொல்லி, படி தரையோடு தரையாகும்வரை நிலையை மண்ணில் இறக்கி நிறுத்தினான். "இடிக்கத்தான் கூடாது என்றார்கள். புதைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!"

நாச்சி கவைக்கோல்களை ஊன்றி வந்தாள். நிலைக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். பிறகு கடந்தாள். கடந்தவள் சுற்றிக்கொண்டு வந்து இன்னொரு முறை கடந்தாள். "ஒரு தடவ போதும்மா," என்ற ஒச்சப்பன் ஏனோ மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

மலையடிவாரத்தில் மாதன் கடந்தான். உப்பளத்தில் பெண்கள் சிரித்துக்கொண்டே கடந்தார்கள். பார்வையில்லாத ஒருவன் நிலையைத் தடவி, எழுத்தை விரலால் படித்துவிட்டுக் கடந்தான். அத்தனைக்கும் ஒச்சப்பன் பக்கத்திலேயே நின்றான்.

பௌர்ணமியன்று மன்னர் கலாசாலைக்கு வந்தார். வாசல் இருந்த இடத்தில் வெறும் இடைவெளி. அதன் வழியே நாச்சியும் மாதனும் உப்பளத்துப் பெண்களும் இன்னும் பலரும் நடந்து உள்ளே வந்து அமர்ந்தார்கள். கூடத்தில் பலவித நிறம், பலவிதப் பேச்சு. மன்னர் கண்கள் விரிந்தன.

கீர்த்திவாசர் பாய்ந்தார். "மகாராஜா, இது மோசடி! எங்கோ காட்டில் நட்ட மரச்சட்டம் வாசலாகுமா? அது நின்ற இடமே வாசல்! இவர்கள் மாணவர்கள் அல்லர்!"

"பிரதானி சொன்னால் சரி," என்றான் அம்பலக்கூத்தன். "அந்த இடமே வாசல் என்றால், இவர்கள் எல்லாரும் சற்றுமுன் தங்கள் கண்ணெதிரே தம் காலாலேயே அதைக் கடந்தார்கள். மாணவர்கள் ஆனார்கள்."

கீர்த்திவாசர் தலையை ஆட்டி மறுத்தார். "இல்லை, இல்லை! விதி பொறித்த அந்த நிலைதான் வாசல்!"

"அதையும் ஏற்கிறேன். அந்த நிலையை இவர்கள் ஊரிலேயே கடந்தார்கள். ஒச்சப்பன் சாட்சி."

"ஆமாங்க மகாராசா, நான் வாசல விட்டு அகலவே இல்ல."

"ஆனால் பிரபு, ஒரு சிக்கல். பிரதானியின் இளைய குமாரன் சென்ற வாரம்தான் சேர்ந்தான். அப்போது வாசல் வண்டியில் இருந்தது. அவர் சொல்படி, இக்கூடத்தில் மாணவன் அல்லாதவன் அவன் ஒருவன்தான்!"

மன்னர் சிரித்த சிரிப்பில் மாடத்துப் புறாக்கள் எழும்பின. "கீர்த்திவாசரே, எந்த வாசல் வேண்டும்? சொல்லும்!"

"இடமே வாசல், மகாராஜா," என்றார் பிரதானி, தரையைப் பார்த்தபடி.

மன்னர் நாச்சியிடம் வந்தார். "என்ன படிக்க விரும்புகிறாய் அம்மா?"

"வானத்தப் பத்திப் படிக்கணும் ராசா. எப்பிடி நடக்கணும்னு எல்லாரும் சொல்லிக் குடுத்துட்டாங்க. மேல இருக்கிறதப் பத்தி ஒருத்தரும் சொல்லல."

மன்னர் தச்சர்களை அழைத்தார். பிறகு நிலையைப் பழைய இடத்தில், படி தரைக்குள் அமிழ நிறுத்தும்படி ஆணையிட்டார். மலை நாட்டுக்கும் கடற்கரைக்கும் ஆண்டுதோறும் ஆசிரியர்கள் போய் மாணவரைச் சேர்க்க வேண்டும். அவரவர் பேச்சு அறிந்தவர் கூடவே போக வேண்டும் என்றார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலக்கூத்தனுக்கு அணிவித்தார்.

"பிரதானிக்கும் ஏதாவது கொடுங்கள் பிரபு," என்றான் அவன். "அவர் அத்தனை தடை போடாவிட்டால் எனக்கு இந்த யோசனையே வந்திராது."

மன்னர் சிரித்தபடி மாதன் பக்கம் திரும்பி, "உங்கள் மலையில் 'வாருங்கள்' என்பதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். அவன் சொன்னான். மன்னர் திருப்பிச் சொன்னார். நாக்குப் புரண்டு 'விழுங்கள்' என்று வந்துவிட்டது போலும்; மலைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மாதன் எழுந்து கையமர்த்தினான். "யாரும் சிரிக்காதீக. ராசா இன்னைக்குத்தான் சேந்திருக்காரு."

முதலில் சிரித்தவர் மன்னர்தான்.